பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் நீர்க்கட்டி: கண்டறிவதும் கையாள்வதும் – முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் அறிக்கையில் "கல்லீரலில் நீர்க்கட்டி" என்ற வரியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, ஆபரேஷன் வேண்டுமா என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: பித்தம் குடலுக்கு ஒழுங்காக இறங்குகிறதா? சாதாரண நீர்க்கட்டி மாதக்கணக்கில் காத்திருக்கும். பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

வார்டில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். கட்டியின் அளவை மில்லிமீட்டர் சுத்தமாக எழுதியிருப்பார்கள், மலத்தின் நிறம் கேஸ் ஷீட்டில் எங்கேயும் இருக்காது. பெற்றோருக்கும், சிறிய மருத்துவமனைகளில் இப்படியொரு குழந்தையை முதன்முதலாகப் பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மருந்து, ஆபரேஷன் பற்றி வரும் இடங்கள் மருத்துவர்களுக்கானவை. பெற்றோர் விவரம் தெரிந்துகொள்ள மட்டும் படிக்கலாம்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

கடைசி ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது. 18–20 வாரத்தில் எடுத்த அனாமலி ஸ்கேனிலிருந்து பிரசவம் வரை எடுத்தவை எல்லாம் வேண்டும். ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது; கட்டி வளர்ந்ததா, நின்றதா, சுருங்கியதா என்பதுதான் துப்பு. கல்லீரலின் வாயிலில், அதாவது பித்தநாளம் வெளியே வரும் இடத்தில், சின்னதாக ஒரு கட்டி, வாரங்கள் போயும் வளராமல் அப்படியே இருக்கிறது என்றால் குடும்பத்தார் நிம்மதி அடைவார்கள். நான் அந்தக் கட்டியைத்தான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். காரணம் 3ஆம் படியில் வரும்.

நம் ஊரில் ஸ்கேன் எடுப்பது கணவர் வீடு இருக்கும் ஊரிலும், தலைப்பிரசவம் தாய்வீட்டிலும் நடக்கும். ஃபைல் பழைய வீட்டு பீரோவில் தங்கிவிடும். எட்டாம் மாதமே எல்லாத் தாள்களையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

அறிக்கையில் "வயிற்றில் நீர்க்கட்டி" என்று பொதுவாக எழுதியிருந்தால் அது கல்லீரலில்தான் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பெண் சிசுவாக இருந்தால் சினைப்பையிலிருந்து கிளம்பிய கட்டி மேலே ஏறிக் கல்லீரலை ஒட்டி நிற்கலாம். கருவின் பாலினத்தைச் சொல்ல 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிப்பதால், அறிக்கை இந்தச் சாத்தியத்தை வெளிப்படையாக எழுத முடியாது. குழந்தை பிறந்த பிறகே அது பிரியும்.

கட்டி இருக்கிறது என்பதற்காகவே சிசேரியன் தேவையில்லை. வயிறு பெரிதும் உப்பியிருந்தால், பனிக்குட நீர் மிக அதிகமாக இருந்தால், சிசுவின் உடலில் நீர் கோத்திருந்தால் பேச்சே வேறு. அப்போது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும், குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சைத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் நடக்க ஏற்பாடு செய்யுங்கள். பிறந்த பின் ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிடத் தாயின் வயிற்றோடு பயணம் செய்வது குழந்தைக்குப் பாதுகாப்பு.

2. பிறந்த அன்று: குழந்தையைப் பாருங்கள், கட்டி அப்புறம்

மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போகிறதா? விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபடுகிறதா? பெரிய கட்டி உதரவிதானத்தை மேலே தள்ளினால் முதலில் திணறுவது மூச்சுதான். அடுத்து வயிற்றை மெதுவாகத் தடவிப் பாருங்கள். அழுத்தித் தேடக் கூடாது. பிரசவத்தில் அடிபட்டுக் கல்லீரலில் ரத்தம் கட்டியிருந்தாலும் ஸ்கேனில் கட்டி போலவே தெரியும், அழுத்தினால் மறுபடி கசியும்.

பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் பால் கொடுப்பதை நிறுத்தி உடனே அறுவைச் சிகிச்சை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எந்தப் பச்சிளங்குழந்தைக்கும் பச்சை வாந்தி குடல் அடைப்பு என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டி கட்டி என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தால் இது நழுவிவிடும்.

மூச்சும் பாலும் சரியாக இருந்தால் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிடலாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காவல் காக்கத் தேவையில்லை. வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்து, போட்ட நேரத்தோடு டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள். பித்தம் குடலுக்கு வராவிட்டால் இந்த வைட்டமினை உடல் உறிஞ்சாது. குறை முற்றினால் மூளைக்குள் ரத்தக்கசிவு வரைக்கும் போகும்.

3. பித்தம் இறங்குகிறதா?

மொத்த வழிகாட்டியிலும் நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். கல்லீரல் வாயிலில் நீர்க்கட்டி போலத் தெரியும் ஒன்று மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: கல்லீரலுக்குச் சொந்தமான சாதாரண நீர்க்கட்டி, கொலிடோக்கல் சிஸ்ட் எனப்படும் பித்தநாள வீக்கம், அல்லது பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தநாளம் நாராகி அடைபடும் நோய், அதன் கூடவே ஒரு சின்ன நீர்ப்பை. மூன்றாவது வகையில் அந்தப் பை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும், வளராது. பார்த்தால் சாது. உள்ளே கல்லீரல் தழும்பேறிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யும் கசாய் அறுவைச் சிகிச்சை (அடைபட்ட நாளத்தை எடுத்துவிட்டுக் குடலைக் கல்லீரல் வாயிலோடு இணைப்பது), பிறந்த 60 நாட்களுக்குள், முடிந்தால் இன்னும் முன்னதாகவே, நடந்தால்தான் பித்தம் ஓடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. தாமதித்தால் கல்லீரல் மாற்று வரை போக நேரும்.

மலத்தைப் பாருங்கள், ஒவ்வொரு நாளும். முதலில் வரும் கருமையான மலம் கழிந்ததும் மஞ்சளோ பச்சையோ பழுப்போ வர வேண்டும். வெளிர் மஞ்சள், சாம்பல், வெள்ளை என்று போனால் பித்தம் வரவில்லை என்று பொருள். இதில் ஒரு பொறி இருக்கிறது: பிலியரி அட்ரீசியாவில் ஆரம்ப நாட்களில் பல குழந்தைகளுக்கு மலம் நிறத்தோடுதான் வரும், பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும். "மூன்றாம் நாள் பார்த்தோம், மஞ்சளாகத்தான் இருந்தது" என்பது ஐந்தாம் வாரத்துக்குப் பதில் ஆகாது. தினமும் பார்க்கும் அம்மாவுக்கு மாற்றம் தெரியாமலே போகும். தைவானில் 2004 முதல் எல்லாத் தாய்மாருக்கும் மலநிற அட்டை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னதில், உரிய நாளுக்குள் அறுவைச் சிகிச்சைக்கு வந்து சேரும் குழந்தைகள் கூடினார்கள்.

அட்டை இல்லாவிட்டால் போன் போதும். ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம் நிறத்தை ஏமாற்றும். மஞ்சள் பல்பு இன்னும் மோசம், வெளிறிய மலத்தையும் பொன்னிறமாக்கிக் காட்டும். ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் படமெடுங்கள். ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் நிறம் எவ்வளவு திரிந்திருக்கிறது என்று மருத்துவருக்குப் புரியும். வாரம் ஒரு படமாவது தேதியோடு இருக்கட்டும்.

சிறுநீரையும் பாருங்கள். பச்சிளங்குழந்தையின் சிறுநீர் கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்க வேண்டும். துணியில் அடர் மஞ்சள் கறை தொடர்ந்து படிந்தால் சொல்லுங்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினின் மொத்த அளவை மட்டும் பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் ஏறத்தான் செய்யும். நமக்கு வேண்டியது டைரக்ட் பிலிருபின், அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு வெளியே அனுப்ப வேண்டிய பகுதி. அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் காரணம் தேடியாக வேண்டும். பிலியரி அட்ரீசியாவில் இந்த எண் பிறந்த ஓரிரு நாட்களிலேயே ஏறியிருக்கும், மலம் மஞ்சளாக இருக்கும்போதே. அதனால் கட்டி உள்ள குழந்தைக்கு டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு முறை, இரண்டு வாரத்தில் மறுமுறை பாருங்கள். கூடவே கல்லீரல் நொதிகளும், ரத்தம் உறையும் நேரமும் ஒரே ஊசியில் எடுத்துவிடலாம். 3 கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் குத்த வேண்டாம்.

மஞ்சள் இரண்டு வாரம் தாண்டியும் நின்றால் பாட்டிமார் காலை வெயிலில் காட்டச் சொல்வார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்பார்கள். வெயிலோ நீல விளக்கோ டைரக்ட் பிலிருபினைக் குறைக்காது. கீழாநெல்லியும் உரை மருந்தும் இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இந்த வைத்தியங்களில் போகும் இரண்டு மூன்று வாரங்கள்தான் 60 நாள் கணக்கில் காணாமல் போகும் வாரங்கள்.

4. ஸ்கேனை முறையாக எடுங்கள்

அல்ட்ராசவுண்டே முதல் கருவி, பல குழந்தைகளுக்கு அதுவே கடைசிக் கருவியும். ஆனால் பால் குடித்த கையோடு ஸ்கேன் அறைக்குப் போனால் பாதி விஷயம் தெரியாது. பால் குடித்ததும் பித்தப்பை சுருங்கிவிடும். "பித்தப்பை தெரியவில்லை" என்று அறிக்கை வரும், வீடே கலங்கிப்போகும். 3–4 மணி நேரம் பால் கொடுக்காமல் எடுக்க வேண்டும். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள், கடைசிப் பாலைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். முதல் சுற்று முடிந்ததும் அங்கேயே பால் கொடுத்து, பித்தப்பை சுருங்குகிறதா என்று மறுபடி பார்க்கலாம். குழந்தையும் அமைதியாகும். குறைமாதக் குழந்தை, சர்க்கரை குறையும் குழந்தை என்றால் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மருத்துவர் ஸ்கேன் கேட்டு எழுதும் சீட்டில் "வயிறு ஸ்கேன்" என்று மட்டும் எழுதினால் அதற்கேற்ற அறிக்கைதான் வரும். கேள்விகளாக எழுதுங்கள். கட்டி கல்லீரல் திசுவுக்குள்ளா, வாயிலிலா, கல்லீரலுக்கு வெளியேவா? பித்தநாளத்தோடு தொடர்பு தெரிகிறதா? உள்ளே நீர் தெளிவா, கலங்கலா, தடுப்புச் சுவர்கள் உண்டா? கல்லீரலுக்குள் உள்ள பித்தக் கிளைகள் விரிந்திருக்கின்றனவா? பித்தப்பையின் நீளம் என்ன, சுவர் சீராக இருக்கிறதா? கல்லீரல் வாயிலில் முக்கோண வடிவில் நார்த்திரள் தெரிகிறதா? இரண்டு சிறுநீரகங்களும் எப்படி?

பித்தப்பை 1.5 செ.மீ.க்கும் குறைவாகச் சுருங்கிக் கிடந்து, சுவர் கோணல்மாணலாக இருந்து, நார்த்திரள் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் பிலியரி அட்ரீசியா பக்கம் சாய்கிறது. பித்தப்பை நன்றாக நிறைந்து, கிளைகள் விரிந்து, கட்டியும் பெரிதாக இருந்தால் கொலிடோக்கல் சிஸ்ட் பக்கம். படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது, டைரக்ட் பிலிருபினோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் போட மறக்கக் கூடாது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் நீர் அல்ல. உள்ளே ரத்தம் ஓடினால் அது ரத்தநாளக் கட்டி. அதில் ஊசி விட்டால் ரத்தம் நிற்காது.

அளவை மூன்று திசையிலும் எழுதச் சொல்லுங்கள். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கொள்ளளவு மில்லிலிட்டரில் வரும். உருண்டையான கட்டி 4 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. ஆனால் "ஒரு சென்டிமீட்டர்தானே" என்று தோன்றும். கொள்ளளவோ சுமார் 33 மில்லியிலிருந்து 65 ஆகியிருக்கும்.

5. கட்டி எந்த வகை?

கல்லீரல் திசுவுக்குள், ஒற்றையாக, மெல்லிய சுவரோடு, தெளிந்த நீரோடு, டாப்ளரில் ஓட்டமில்லாமல், டைரக்ட் பிலிருபின் சரியாக இருந்தால் அது சாதாரண நீர்க்கட்டிதான். பெரும்பாலும் வலது மடலில் இருக்கும், பெண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காண்கிறோம். இது புற்றுநோய் அல்ல. பல கட்டிகள் தானாகச் சுருங்கும்.

பல அறைகளாகப் பிரிந்து, இடையே திடமான திசுவும் இருந்து, வேகமாக வளர்ந்தால் மெசன்கைமல் ஹமார்ட்டோமா என்ற திசுக்கட்டியாக இருக்கலாம். தீங்கற்ற வகை என்றாலும் முழுதாக எடுத்துவிடுவதே வழக்கம், ஏனென்றால் பின்னாளில் சார்கோமா என்ற புற்றாக மாறிய நிகழ்வுகள் உண்டு. கல்லீரலின் இடது மடல் நடுப்பகுதியில், மேலுறையை ஒட்டி இருக்கும் சின்னக் கட்டி, சிலியேட்டட் ஃபோர்கட் சிஸ்ட்டாக (கருவின் முன்குடல் திசுவிலிருந்து உருவாகும் கட்டி) இருக்கலாம். பெரியவர்களான பின் புற்றாக மாறக்கூடும் என்பதால் அதையும் வயிற்றில் விட்டுவைப்பதில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் என்றால் உடனே சிறுநீரகத்தைப் பாருங்கள். சிறுநீரகங்கள் பெருத்து வெளிறித் தெரிந்தால் இது பரம்பரை நோய். சிறுநீரக மருத்துவரும் மரபணு ஆலோசனையும் வேண்டும். தீவிர சிகிச்சையில் தொப்புள் வழியாகக் குழாய் போட்ட குழந்தைக்குப் புதிதாகக் கல்லீரலில் நீர்த்தேக்கம் தெரிந்தால், முதலில் குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பாருங்கள். ஏற்றிய திரவமே கசிந்து தேங்கியிருக்கும், குழாயை எடுத்ததும் வடியும். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம்.

நாய் வழி வரும் நாடாப்புழுவால் உண்டாகும் ஹைடாடிட் கட்டிக்கான ரத்தப் பரிசோதனையைச் சிலர் பெரியவர்களுக்கு எழுதும் பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அது பல மாதங்கள், வருடங்களில் வளரும் கட்டி. பிறந்த குழந்தைக்கு அந்தச் செலவு வீண்.

6. கூடுதல் பரிசோதனை, தேவை இருந்தால் மட்டும்

சாதாரண நீர்க்கட்டி என்று 4, 5ஆம் படிகளில் தெளிவானால் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. வயிறு நிறையப் பால் கொடுத்து, இறுக்கிச் சுற்றித் தூங்க வைத்தே பல குழந்தைகளுக்கு எடுத்துவிடலாம். பித்தநாளத்தைக் காட்டும் படத்துக்குப் பட்டினி கேட்கும் மையங்களும் உண்டு, முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். இந்த வயதில் பித்தநாளம் மிகச் சின்னது, எம்.ஆர்.ஐ.யில் தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகாது. சி.டி. ஸ்கேனைக் கதிர்வீச்சு காரணமாகக் கூடியவரை தவிர்க்கிறோம்.

ஹைடா ஸ்கேன் எனப்படும் பித்த ஓட்டப் பரிசோதனைக்கு முன் 5 நாட்கள், பித்த ஓட்டத்தைத் தூண்டும் ஃபீனோபார்பிட்டோன் மருந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. குழந்தை ஏற்கெனவே ஏழாவது வாரத்தில் இருந்தால் அந்த 5 நாட்களை அதற்குக் கொடுக்க மாட்டேன். நேராக அறுவை அரங்கில் பித்தப்பை வழியாகச் சாயம் ஏற்றிப் படமெடுத்துப் பார்ப்பதே மேல். அடைப்பு உறுதியானால் அதே மயக்கத்தில் சரிசெய்துவிடலாம்.

கல்லீரல் புற்று உண்டா என்று பார்க்க ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தால் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். பிறந்த குழந்தைக்கு அது இயல்பாகவே பல்லாயிரக் கணக்கில் இருக்கும், மாதங்கள் போகப் போகத்தான் இறங்கும். லேப் தாளில் அச்சாகியிருக்கும் "இயல்பு அளவு" பெரியவர்களுடையது.

வகை தெரியாமல் ஊசி விட்டு நீர் எடுப்பது கூடாது. ரத்தநாளக் கட்டியானால் ரத்தக்கசிவு, பித்தநாளக் கட்டியானால் பித்தக்கசிவும் தொற்றும்.

7. காத்திருப்பது என்று முடிவானால்

தொந்தரவில்லாத சாதாரண நீர்க்கட்டிக்கு இதுவே சிகிச்சை. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வயது என்று ஸ்கேன் எடுக்கலாம். 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ கருவில் வேகமாக வளர்ந்திருந்தாலோ ஆரம்பத்தில் இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மருத்துவரிடம் எடுங்கள். அளக்கும் கை மாறினாலே சில மில்லிமீட்டர் கூடும், குறையும்.

குழந்தையின் எடை ஐந்தாம் மாதத்துக்குள் இரட்டிப்பாகும். கட்டி அதே அளவில் நின்றால் வயிற்றில் அது அடைக்கும் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. "கரையவே இல்லையே" என்று மூன்றாவது மாதத்திலேயே வேறு வேறு மருத்துவமனைகளுக்கு அலைய வேண்டாம்.

தாய்ப்பால் வழக்கம்போல் கொடுக்கலாம். வயிறு அழுந்தி எதுக்களித்தால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தடுப்பூசிகள் எதையும் தள்ளிப்போட வேண்டாம். குப்புறப் படுத்து விளையாடும் நேரத்தில் கட்டி உடைந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் பலர். கட்டி மிகப் பெரிதாக இருந்து மருத்துவர் தனியாகச் சொன்னாலொழிய எந்தத் தடையும் இல்லை. வயிற்றில் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதை மட்டும் நிறுத்துங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்: 

வெளிறிய மலம். பச்சை வாந்தி. திடீரென உப்பி இறுகிய வயிறு. முகம் வெளுத்துச் சோர்ந்துபோதல். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். பால் குடிக்க மறுப்பது. வேகமான மூச்சு. தொப்புளிலோ ஊசி போட்ட இடத்திலோ நிற்காத ரத்தம்.

8. ஆபரேஷன் எப்போது, என்ன செய்வார்கள்?

சாதாரண நீர்க்கட்டி மூச்சையோ பாலையோ தடுத்தால், பித்தநாளத்தை அழுத்தினால், உள்ளே ரத்தம் கசிந்தால், தொற்று வந்தால், அல்லது ஸ்கேனுக்கு ஸ்கேன் வளர்ந்துகொண்டே போனால் எடுக்கிறோம். அளவு மட்டுமே காரணம் ஆவதில்லை.

ஊசியால் நீரை இழுத்துவிட்டால் மறுபடி ஊறும். சுவர் உள்ளேயே இருப்பதுதான் காரணம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அவசரத்துக்கு உதவும், தீர்வாகாது. ஆல்கஹால் போன்ற மருந்தைக் கட்டிக்குள் செலுத்தும் முறை பெரியவர்களுக்கு உண்டு. பித்தநாளத்தோடு தொடர்பு இருந்தால் அது நாளத்தையே எரித்துவிடும். குழந்தைகளிடம் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வழக்கமாகச் செய்வது, கல்லீரலுக்கு வெளியே தெரியும் கட்டிச் சுவரை வெட்டியெடுத்து வயிற்றுக்குள் திறந்துவிடுவது. லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். சுவரைத் திறந்ததும் நீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிவாகவோ இளம் வைக்கோல் நிறமாகவோ இருந்தால் மேலே தொடரலாம். பச்சை கலந்திருந்தால் எங்கோ பித்தநாளம் திறந்திருக்கிறது. அப்படியே திறந்துவிட்டு வயிற்றை மூடினால் பித்தம் வயிறு முழுக்கப் பரவும். சாயம் ஏற்றிப் படமெடுத்து, அந்த நாளம் திறந்திருக்கும் வாயைக் கண்டுபிடித்துத் தைக்க வேண்டும். பெரிதாக இருந்தால் குடலோடு இணைக்க வேண்டும். எடுத்த சுவர் பயாப்சிக்குப் போகட்டும். எளிய கட்டி என்று நினைத்தது வேறாக இருந்தால் அங்கேதான் தெரியவரும்.

கொலிடோக்கல் சிஸ்ட் என்றால் கட்டியை முழுதாக எடுத்து, பித்தநாளத்தைக் குடலோடு இணைப்பார்கள். கட்டியை விட்டுவிட்டுக் குடலோடு மட்டும் இணைக்கும் பழைய முறை வேண்டாம், மிச்சச் சுவரில் பின்னாளில் புற்று வரும் அபாயம் இருக்கிறது. தொந்தரவு இல்லாவிட்டாலும் முதல் சில மாதங்களுக்குள் செய்வது நல்லது. டைரக்ட் பிலிருபின் ஏறினால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. பிலியரி அட்ரீசியாவை முழுக்க விலக்க முடியாத குழந்தையை அட்ரீசியாவாகவே வைத்து அரங்குக்கு எடுப்பதுதான் பாதுகாப்பு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை போலக் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்கென்று தனித்துறை உள்ள இடமே இதற்கு ஏற்றது.

எந்த ஆபரேஷனுக்கும் முந்தைய நாள் ரத்தம் உறையும் நேரத்தை மறுபடி பாருங்கள். நீண்டிருந்தால் வைட்டமின் கே கொடுத்து, சரியான பிறகே கத்தி.

9. அதன் பின்

சாதாரண நீர்க்கட்டி சுருங்கி மறைந்து, அடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் தொடர் பரிசோதனையை நிறுத்திவிடலாம். சுவரைத் திறந்துவிட்ட குழந்தைக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் ஸ்கேன் போதும். பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த குழந்தைகள் அப்படி அல்ல, அவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பின்தொடர்தல் உண்டு. குளிரோடு காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்து வந்தால், சாதாரண வைரல் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே வரவேண்டும். பித்தநாளத்தில் தொற்று ஏறியிருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் வயதிலும் இது பொருந்தும் என்பதால், டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.